மலை ஏறுகிற ஆளுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

என் அம்மானுக்கு, அதாவது தாய்மாமனுக்கு, 57 வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எல்லோரையும்போல காரைக்குடியில் ஏதாவது ஒரு மைதானத்தைச் சுற்றிவராமல், மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பஸ் பிடித்துப் பிரான்மலைக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். மூன்று வருடத்தில் எத்தனை மலை ஏறினார் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. 18 என்பார், இன்னொரு நாள் 21 என்பார். சித்தன்னவாசலைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும்.

அவருக்கு மணிவிழா வந்தது. ஏறிய மலைகளைக் கணக்கு வைத்துக்கொள்ள உதவுகிற மாதிரி ஒரு பரிசு கொடுக்கலாம் என்று நாங்கள் மருமக்கள் ஐந்து பேர் சேர்ந்து பணம் போட்டோம். முதல் முயற்சி படுதோல்வி. உயரம், நாடித்துடிப்பு, நடந்த தூரம் எல்லாம் காட்டும் விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றை வாங்கினோம். இரண்டு வாரம் கட்டினார். அப்புறம் சார்ஜ் போட மறந்தார், பிறகு கடவுச்சொல்லை மறந்தார். இப்போது அது பீரோவில் ஆயாவின் (எங்கள் பாட்டியின்) கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில் தூங்குகிறது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஆள் இருந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

முதல் வேலை: ஆளைப் பார்ப்பது

கடைக்குப் போகாதீர்கள். முதலில் அந்த ஆள் எப்படி ஏறுகிறார் என்று கவனியுங்கள். சாமிக்காக வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை போகிறவர் ஒரு ரகம். காட்டுப் பாதைக்கு வனத்துறையில் பதிவுசெய்து, நல்ல ஷூ வாங்கிப் போகிற இளைஞர் இன்னொரு ரகம். எங்கள் அம்மான் மாதிரி, திருமயம் கோட்டைப் பாறையில் ஏறி உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பதற்காகவே போகிறவர் மூன்றாவது. முதல் ரகத்துக்குக் கைபேசிச் செயலி பரிசாகாது. இரண்டாவது ரகத்திடம் செயலி ஏற்கெனவே இருக்கும்.

அடுத்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்தப் பொருளில் அடுத்த மலையைச் சேர்க்க இடம் இருக்கிறதா? கண்ணாடிச் சட்டம் போட்ட கேடயம், மலைப் படம் அச்சடித்த கோப்பை, டி-சர்ட் எல்லாம் இந்தக் கேள்வியில் விழுந்துவிடும். கொடுத்த அன்றே அவை முடிந்துபோன பொருட்கள். ஆத்தங்குடிக் கல்லில் மலை வடிவம் போட்டுக் கொடுக்கலாம் என்று எனக்கும் ஒரு ஆசை இருந்தது. கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் கொட்டி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் அந்த வேலையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரே ஒரு கல்லுக்காகப் புது அச்சு செய்யச் சொல்வது நியாயமில்லை. செய்தாலும் 22-ஆவது மலையை அதில் எங்கே எழுதுவது?

இரண்டாவது வேலை: எது கணக்கு, எது கணக்கில்லை

ஸ்காட்லாந்தில் இந்தப் பைத்தியம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. ஹியூ மன்ரோ என்பவர் 1891-இல் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளின் பட்டியலை வெளியிட்டார். இன்று அந்தப் பட்டியலில் 282 மலைகள் இருக்கின்றன. அத்தனையும் ஏறி முடிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்கள் அங்கே ஏராளம். அவர்களுக்காகவே டிக் போடும் சுவர்ப்படம், சுரண்டினால் மலை தெரியும் வரைபடம், பெயர் பொறித்த நோட்டு என்று பரிசுக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. பட்டியல் போட்ட மன்ரோ தன் பட்டியலை முடிக்காமலே 1919-இல் போய்ச் சேர்ந்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. மறுபடி அளந்து பார்த்ததில் சில மலைகள் உயரம் போதாமல் பட்டியலிலிருந்து விழுந்தும் இருக்கின்றன.

நமக்கு அப்படி அச்சடித்த பட்டியல் கிடையாது. அதனால் பரிசு கொடுக்கிறவர்தான் தயார் செய்ய வேண்டும். ஒரு முழுத் தாளை எடுத்து, வீட்டிலிருந்து வெளியே போகிற வரிசையில் எழுதுங்கள். செட்டிநாட்டில் இருந்தால் குன்றக்குடியில் தொடங்கும். அப்புறம் திருமயம், பிரான்மலை. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை. மதுரை, திண்டுக்கல் பக்கம் அழகர்மலை, சிறுமலை. அதற்கும் அப்பால் சதுரகிரி, பர்வதமலை, வெள்ளியங்கிரி. கடைசியில் பத்துப் பதினைந்து வரி காலியாக விடுங்கள். அது கட்டாயம்.

விதியையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது. எங்கள் வீட்டு விதி இது: அடிவாரத்திலிருந்து உச்சிவரை காலால் ஏறினால் கணக்கு. படிக்கட்டாக இருந்தாலும் கணக்கு, அதனால் குன்றக்குடி சேரும். வண்டியில் போனால் கிடையாது. இந்த விதியால் தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டா, 2,637 மீட்டர், எங்கள் அம்மான் கணக்கில் வரவில்லை. உச்சிவரை தார் ரோடு, அவர் போனது டூரிஸ்ட் வேனில். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘வண்டியில் போனது’ என்று தனித் தலைப்பு போட்டு அதை அங்கே தள்ளிவிட்டோம். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்றாவது வேலை: நோட்டு

நான் பார்த்தவரை நோட்டை மிஞ்சிய பரிசு கிடையாது. கணக்கெழுதிப் பிழைத்த ஊர் இது. கல்யாணச் சாமான் பட்டியலில் கரண்டியைக்கூட விடாமல் எழுதிவைக்கிறவர்களுக்கு மலைக் கணக்கு எழுத வராதா என்ன?

ஆனால் கடையில் தொங்குகிற ஏதோ ஒரு டைரியை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தேதி அச்சடித்த டைரி மலையேறுகிறவருக்கு உதவாது. மாதம் ஒரு மலை ஏறுகிறவருக்கு 353 பக்கம் வீண், எழுத வேண்டிய நாளில் பக்கம் போதாது. கம்பிச் சுருள் நோட்டு சட்டைப்பையில் மாட்டிக்கொள்ளும், சுருள் நசுங்கினால் தாள் திரும்பாது. காரைக்குடியில் கல்லூரிகள் இருப்பதால் பைண்டிங் கடைக்குக் குறைவில்லை. அங்கே போய்க் கேளுங்கள். கோடில்லாத கொஞ்சம் கனமான தாள், 100 ஜிஎஸ்எம் இருந்தால் நல்லது. சட்டைப்பையில் நுழைகிற அளவு. நூல் தையல், ஒட்டு வேலை வேண்டாம். பழைய கணக்குப் புத்தகம் மாதிரி சிவப்புத் துணி அட்டை போட்டுத் தருவார்கள். நூறு பக்கம் போதும். பெரிய நோட்டு வீட்டிலேயே தங்கிவிடும்.

பேனா வேண்டாம், பென்சில்தான். ஜெல் பேனா மை, வியர்வைக் கை பட்டாலே கரைந்துவிடும். பால்பாயிண்ட் ஈரத் தாளில் வழுக்கும். பென்சில் எழுத்து மழையில் நனைந்தாலும் அழியாது. நோட்டின் முதுகில் ஒரு துணி வளையம் தைக்கச் சொல்லி, அதில் பாதிப் பென்சிலைச் செருகிவிடுங்கள். முழுப் பென்சில் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கூடவே ஒரு ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறை.

வெறும் நோட்டைக் கொடுத்தால் அது வெறும் நோட்டாகவே இருக்கும். பிள்ளையார் சுழி போட்டு முதல் பக்கத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். நாங்கள் அம்மானிடம் வாயைக் கிளறி, அவருடைய முதல் பிரான்மலை ஏற்றத்தை எழுதினோம்:

‘பிரான்மலை. தனியாக. அடிவாரம் 5.50. உச்சி 7.40. தண்ணீர் ஒன்றரை லிட்டர், போதவில்லை. வழியில் மூன்று தடவை உட்கார்ந்தேன். மேலே தர்கா வாசலில் ஒருவர் டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை. இறங்கும்போது வலது முழங்கால் வலி. கீழே கொடுங்குன்றநாதர் கோயிலில் பத்து மணிக்குத் தரிசனம்.’

இவ்வளவுதான். பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படுகிற மலை, அடியில் பாடல் பெற்ற தலம், மேலே தர்கா என்பதையெல்லாம் வர்ணிக்க வேண்டியதில்லை. அதை யாரும் எழுதுவார்கள். அவர் மூன்று தடவை உட்கார்ந்ததை அவரால் மட்டும்தான் எழுத முடியும். அடுத்த வருடம் அதே மலையை ஒரே மூச்சில் ஏறிவிட்டு இந்தப் பக்கத்தைப் புரட்டி எங்களிடம் காட்டினார்.

கட்டம் போட்டுக் கொடுக்கிற ஆசை வரும். தேதி, நேரம், கூட வந்தவர், தண்ணீர் என்று நான்கு போதும். பன்னிரண்டு கட்டம் போட்டால் அரசாங்கப் படிவம் போலாகிவிடும், நிரப்ப மாட்டார்கள்.

உயரத்தை எங்கே பார்ப்பது?

இது ஒரு சின்ன வம்பு. ஒருநாள் அம்மான் கைபேசியில் ஏதோ ஒரு உயரமானியைத் திறந்து, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நின்றுகொண்டு கத்தினார்: “டேய் தம்பி, நம்ம வீடு கடலுக்கு அடியில இருக்காம்டா! மைனஸ் 14 காட்டுது!”

கைபேசி பழுதில்லை. செயற்கைக்கோள் பூமியை வழவழப்பான, துருவங்களில் லேசாகத் தட்டையான ஓர் உருண்டையாகக் கணக்கில் எடுத்து, அதன் பரப்பிலிருந்து உயரம் சொல்கிறது. உண்மையான கடல் மட்டம் அப்படி வழவழப்பாக இல்லை. புவியீர்ப்பு கூடுவதற்கும் குறைவதற்கும் ஏற்ப அது மேலும் கீழுமாக இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் பெரிய பள்ளமே இருக்கிறது. அதன் பக்கத்தில் இருப்பதால் நம் பகுதியில் கடல் மட்டம் அந்தக் கற்பனை உருண்டைக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், சில காட்டாது. காரைக்குடியே 80 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, அதனால் திருத்தாத செயலியில் பார்த்தால் நாம் மீன்களோடு வாழ்கிறோம்.

காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கடிகாரங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினை உண்டு. மழை மேகம் திரண்டால் அழுத்தம் குறையும், உட்கார்ந்த இடத்திலேயே நீங்கள் முப்பது நாற்பது மீட்டர் ‘ஏறி’யிருப்பீர்கள். அடிவாரத்தில் சரியான உயரத்தைப் பதித்துவிட்டு ஏறினால்தான் அது நம்பத் தகுந்தது. இந்தப் பொறுமை உள்ள ஆளுக்கு அது அருமையான பரிசு. எங்கள் ஆளுக்கு இல்லை.

அதனால் உயரத்தை வரைபடத்திலிருந்து எழுதுவதே மேல். மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவு வரைபடங்களை அவர்களுடைய இணையதளத்தில் பதிவுசெய்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒரு சென்டிமீட்டருக்கு அரை கிலோமீட்டர், 20 மீட்டருக்கு ஒரு உயரக்கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு). இதுவே தனிப் பரிசாகும்: நம் வட்டாரத் தாள்களை இறக்கி, பெரிய அளவில் அச்சடிக்கும் கடையில் தாளிலேயே அச்சடித்து வாங்குங்கள். ஃபிளெக்ஸில் அடிக்காதீர்கள், பளபளப்பில் கோடு தெரியாது. சாஃப்ட் போர்டில் ஒட்டி, ஒரு டப்பா கலர் குண்டூசியோடு கொடுத்தால் முடிந்தது. தனியாக ஏறியது சிவப்பு, நண்பர்களோடு பச்சை, பேரப்பிள்ளைகளோடு மஞ்சள். எங்கள் வீட்டில் மஞ்சள் ஊசிக்குத்தான் போட்டி.

செட்டிநாட்டுத் தாளைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். கண்மாய், கண்மாய், இன்னொரு கண்மாய். உயரக்கோடே அபூர்வம். 1802-இல் சென்னையில் தொடங்கிய பெரிய நில அளவையில், தெற்கே சமவெளிக்கு வந்தபோது தூரத்தைப் பார்க்க மேடு கிடைக்காமல், அதை நடத்திய லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி கோயில் கோபுரங்களின் மேல் கோணம் அளக்கும் கருவியை ஏற்றினார். 1808-இல் தஞ்சாவூரில் அப்படி ஏற்றும்போது அரை டன் எடையுள்ள கருவி மோதிச் சேதமானது. சமவெளிக்காரர்களான நமக்கு ஒரு குன்று தெரிந்தாலே ஏறிப் பார்க்கத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

பேர் வெட்டுவது

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் எளிதாகக் கைவரக்கூடிய ஒரு பரிசு இருக்கிறது. பாத்திரக் கடையில் பேர் வெட்டுவார்களே, அதுதான். சாயம் பூசாத ஒரு சாதாரண எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை வாங்குங்கள், ஒரு லிட்டர். அதில் ஏறிய மலைகளின் பெயரையும் தேதியையும் கழுத்திலிருந்து கீழே வரிசையாக வெட்டச் சொல்லுங்கள். அடுத்த மலை ஏறியதும் மறுபடி கடைக்குப் போய் அடுத்த வரி. மலையில் கூடவே வருகிற பொருள், கணக்கும் அதிலேயே இருக்கும். வண்ணம் பூசிய பாட்டிலில் வெட்டினால் பூச்சு உரிந்து அசிங்கமாகிவிடும். கேடயத்துக்குக் கொடுக்கிற பணத்தில் இப்படி இரண்டு பாட்டில் வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பெயரை வாயால் சொல்லாதீர்கள், பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுத்து, அவர் வெட்டும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். நாங்கள் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனோம். வந்து பார்த்தால் முதல் வரியே ‘பிரான்மாலை’. எவர்சில்வரில் வெட்டியதை எப்படி அழிப்பது? ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்துவிட்டு, “ஏன்யா, நீ காலையிலதானே போனே?” என்று கேட்டது. அந்தப் பாட்டில்தான் இன்றைக்கும் மலைக்குப் போகிறது. மாற்றித் தருகிறோம் என்றோம், அம்மான் தரமாட்டேன் என்றுவிட்டார்.

வெள்ளியங்கிரி போகிறவருக்கு மூங்கில் தடி. பிப்ரவரி முதல் மே வரையிலான காலத்தில் அடிவாரத்தில் வாங்கி ஏறுவார்கள், இறங்கியதும் பலர் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஜப்பானில் ஃபூஜி மலை ஏறுகிறவர்கள் தடியை விடுவதில்லை. வழியில் உள்ள குடிசைகளில் காசு கொடுத்து அந்தந்த இடத்தின் முத்திரையைத் தடியில் சூடு போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். நம் தடியிலும் அதைச் செய்யலாம். ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவரிடம் இருக்கும் பற்றவைக்கும் கோலால் ஒரு வளையமும் வருடமும் போட்டால் போதும். பிறகு வார்னிஷ் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் பூச்சி அரித்துப் பொடி உதிரும்.

ரப்பர் ஸ்டாம்ப் இன்னொரு மலிவான வழி. மலையின் உருவத்தைக் கோட்டுப்படமாகக் கொடுத்தால் செய்து தருவார்கள். நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் குத்திக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும்.

அனுமதிச் சீட்டும் ஒரு பதிவுதான்

காட்டுப் பாதை போகிறவருக்கு ஒரு நடையையே பரிசாகக் கொடுக்கலாம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ விபத்தில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை அரசே இணையத்தில் முன்பதிவுக்குத் திறந்தது, வழிகாட்டியோடு. இதில் ரகசியப் பரிசு சரிப்படாது. போகிறவரின் பெயர், வயது, உடல்நிலை, லீவு எல்லாம் பார்த்துத்தான் பதிய வேண்டும். கோடையில் காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடியும் விடுவார்கள். சீட்டை அச்சடித்து நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். இப்படிச் சேர்கிற சீட்டு, பஸ் டிக்கெட், ஒரு மலைக்கு ஒரே ஒரு அச்சுப் புகைப்படம் எல்லாவற்றுக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஒரு சின்ன மரப்பெட்டி தேடலாம். பேரம் பேசத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். மூடி சரியாக மூடுகிறதா, செல் அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒன்று மட்டும் கொடுக்கக் கூடாது: உளியும் பெயிண்டும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. திருமயத்திலும் சித்தன்னவாசலிலும் பாறைகளில் பெயர், இதயம், அம்பு என்று கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துச் சமணர் படுக்கையில் பிராமி எழுத்து இருக்கிறதே, நாங்கள் எழுதினால் என்ன என்று ஒரு பையன் என்னிடமே கேட்டான். அவர்கள் படுக்கை வெட்டிக் கொடுத்துவிட்டு எழுதினார்கள், நீ என்ன வெட்டிக் கொடுத்தாய் என்றேன். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ‘நினைவுக்கு ஒரு கல்’ என்று உச்சியிலிருந்து எடுத்து வருவதும் வேண்டாம். காப்புக் காட்டில் கல்லை எடுப்பதும் குற்றம்தான்.

கொடுக்கிற நாள்

நோட்டு, பென்சில், பட்டியல் தாள், பாட்டில். இவற்றைப் பளபளக் காகிதத்தில் சுற்றாமல் ஒரு பனையோலைக் கொட்டானில் வையுங்கள். மலைக்கு எடுத்துப்போக மாவுருண்டை ஒரு டப்பா. தேன்குழல் வேண்டாம், பையில் நொறுங்கிவிடும். கொடுத்துவிட்டுக் கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்து, இதுவரை ஏறியதை எல்லாம் அவர் வாயால் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். பழைய புகைப்படங்களைக் கைபேசியில் திறந்தால் தேதி கிடைத்துவிடும். எங்களுக்கு அன்று ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. சித்தன்னவாசல் சேர்ந்தது. தொட்டபெட்டா போனது. ஒரே மலையை இரண்டு பெயரில் இரண்டு தடவை எண்ணியிருந்தது தெரியவந்தது. கடைசியில் கூட்டிப் பார்த்தால் 17.